சமூக அறிவியல் ஆனர்ஸ்: டீன் படத்துக்குப் பின்னால் யார் யார்?

பிறை_அண்ணன்

வணக்கம் எல்லாருக்கும். என் தங்கச்சி எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மேல்நிலைத் தேர்வு) முடித்து, அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான யு.பி.யு.வில் விண்ணப்பித்ததில் பினாங்கு மிண்டனில் இடம் கிடைத்திருக்கிறது. யு.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்), சமூக அறிவியல் இளங்கலை, பட்டத்தின் பெயரோடு கெபுஜியான் என்று சேர்த்துப் போட்டிருக்கிறார்கள், அதாவது ஆனர்ஸ். அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வீட்டில் பாதிப் பேருக்கும் சந்தோஷம்தான், மீதிப் பேர் மாமா தலைமையில் 'அக்கவுண்டிங் எடுத்திருக்கலாமே, இதைப் படித்துவிட்டு என்ன செய்யப் போகிறாள்' என்று பழைய பல்லவியைப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சண்டையை இங்கே இழுக்க வேண்டாம், வேலைவாய்ப்பு பற்றிக் கேட்க நான் வரவில்லை.

நான் கேட்பது வேறு. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போகும் முதல் ஆள் அவள்தான், நான் பாலிடெக்னிக்கோடு நின்றவன், அதனால் எனக்கும் ஒன்றும் தெரியாது. இணையப் பக்கத்தைத் திறந்தால் டீன், துணை டீன்கள், பகுதித் தலைவர், ஒருங்கிணைப்பாளர், மூத்த விரிவுரையாளர், உதவிப் பதிவாளர் என்று வரிசையாகக் கோட்டுப் போட்டுச் சிரிக்கிறார்கள். இவர்களில் யார் அவள் படிப்பை உண்மையில் நடத்துகிறவர்? எதற்கு யாரிடம் போக வேண்டும்? கடைசி ஆண்டில் ஆய்வேடு எழுத வேண்டியிருக்கும் என்கிறார்கள், அவளுக்கு இப்போதே ஒரு தலைப்பு மனத்தில் இருக்கிறது: ரப்பர்த் தோட்டம் கைமாறிய பிறகு பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கத்து அடுக்குமாடிகளுக்கு வந்து சேர்ந்த நம் ஆட்கள். எங்கள் பாட்டி கதையே அதுதான். அதற்குத் தமிழ் விரிவுரையாளராகப் பார்த்துத் தேட வேண்டுமா? மலாய் நன்றாக எழுதுவாள், பேசத்தான் கூச்சம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


சுங்கைடுவா_பழசு

தங்கச்சிக்கு வாழ்த்து சொல்லுங்கள் அண்ணே. சுங்கை டுவாவில் அறை எடுத்துத் தங்கி அதே வளாகத்தில் படித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், ஆனால் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், பதவிகள்தான் அப்படியே இருக்கும்.

முதலில் ஆனர்ஸ் விஷயம். ஆஸ்திரேலியாவில் மூன்று வருஷப் பட்டம் முடித்தவர்களில் நல்ல மதிப்பெண் உள்ளவர்கள் மட்டும் கூடுதலாக ஒரு வருஷம் படிப்பதுதான் ஆனர்ஸ், அமெரிக்காவில் பல இடங்களில் மாணவர்களைப் பொறுக்கி எடுத்துத் தனிக் குழுவாக வைத்து அதற்கென்று ஓர் இயக்குநரையும் அலுவலகத்தையும் போட்டிருப்பார்கள். இங்கே பட்டப் படிப்பில் சேர்ந்த எல்லாருமே அந்தக் கெபுஜியானுக்குத்தான் படிக்கிறார்கள். 'ஆனர்ஸ் பொறுப்பாளர் யார்' என்று கவுண்டரில் கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள்.

டீனை அவள் அறிமுக வாரத்தில் மேடையில் பார்ப்பாள், அப்புறம் பட்டமளிப்பு சமயத்தில் பார்ப்பாள், நடுவில் பார்க்க நேர்ந்தால் ஏதோ பெரிய சிக்கல் என்று அர்த்தம். படிப்பு விவகாரம் பார்க்கும் துணை டீன் முக்கியம். ஒரு செமஸ்டர் ஒத்திவைப்பது, பாடத்துக்கு விலக்கு கேட்பது, மேல்முறையீடு, எல்லாம் அவர் மேசைக்குத்தான் போகும். பகுதித் தலைவர், ஒருங்கிணைப்பாளர் இவர்கள் எந்தப் பாடம் எந்தச் செமஸ்டரில் ஓடும், யார் எடுப்பார்கள் என்று முடிவு செய்கிறவர்கள். பொருளாதாரமா, அரசியலா, மானிடவியல் சமூகவியலா என்று துறை பிரியும்போது அவர்களிடம் பேசிவிட்டுப் பிரிவது நல்லது, தோழிகள் எங்கே போகிறார்கள் என்று பார்த்துவிட்டு அல்ல.

கல்வி ஆலோசகர் என்று ஒருவரை ஒதுக்குவார்கள். பெரும்பாலான மாணவர்கள் அவரைச் செமஸ்டர் தொடக்கத்தில் பாடப் பதிவுக்கு ஒப்புதல் வாங்கப் பார்ப்பதோடு சரி. தங்கச்சியை அப்படி விடாதீர்கள். பி.டி.பி.டி.என். கல்விக் கடனுக்கோ உபகாரச் சம்பளத்துக்கோ ஒரு கடிதம் வேண்டும் என்றால், உடம்பு சரியில்லாமல் வகுப்புக்குப் போகவில்லை என்றால், உங்களைத் தெரியும் என்று சொல்ல அங்கே ஒரு விரிவுரையாளராவது இருக்க வேண்டும். வேலை இல்லாத நேரத்தில் போய் ஐந்து நிமிஷம் பேசிவிட்டு வருவதுதான் அதற்கு வழி.

இப்போது மேற்பார்வையாளர். எல்லாவற்றையும்விட இதைத்தான் சொல்ல வந்தேன். அவள் படிப்பின் கடைசி வருஷம் எப்படிப் போகும் என்பது ஆய்வேட்டை மேற்பார்வை பார்க்கும் அந்த ஒரு மனிதரைப் பொறுத்தது. எனக்கு வாய்த்தவர் ஒரு சீனப் பெண்மணி, தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. நான் நிபோங் திபால் பக்கம் பால்மரம் வெட்டி ஓய்ந்த பெண்களைப் பேட்டி எடுத்தேன். முதல் அத்தியாயத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது ஓரம் முழுக்கப் பென்சில். 'இதை யார் சொன்னது?', 'எத்தனை பேர் சொன்னார்கள்?', 'சொன்னவர் அப்போது எந்த வயது?' பத்திக்குப் பத்தி இதே மூன்று கேள்வி. நான் 'தோட்ட மக்கள் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தனர்' என்று எழுதியிருந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டு, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய தண்டலின் மனைவியும் அப்படித்தான் உணர்ந்தாரா என்று கேட்டிருந்தார். நான் தண்டல் வீட்டுக்குப் போகவே இல்லை. போனேன், கதையே வேறு மாதிரி இருந்தது. ஆய்வேட்டில் நன்றாக வந்த அத்தியாயம் அதுதான். தமிழ் தெரிந்த ஒருவர் மேற்பார்வை பார்த்திருந்தால், 'ஆமாம்மா, நமக்குத் தெரிந்த கதைதானே' என்று டிக் போட்டு அனுப்பியிருக்கவும் கூடும்.

அதனால் இரண்டாம் ஆண்டிலேயே ஆளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். தலைப்பை வைத்து அல்ல, வகுப்பில் திருத்திக் கொடுக்கும் கட்டுரையைப் பார்த்து. வெறும் மதிப்பெண் மட்டும் போட்டுத் தருகிறாரா, உட்கார்ந்து படித்திருக்கிறாரா என்பது தெரிந்துவிடும்.


மிண்டன்_அஞ்சல்வழி

தம்பி, இணையப் பக்கத்தில் படம் இல்லாதவர்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் நான், பள்ளியில் வேலை செய்துகொண்டே அஞ்சல்வழியில் மிண்டனில் பட்டம் வாங்கியவன். யு.எஸ்.எம். 1971லேயே அந்த வழியைத் திறந்துவிட்டது, நாட்டில் அதற்கு முன் அப்படி ஒன்று கிடையாது. ஆசிரியர்கள், அரசாங்கக் கிராணிகள் (எழுத்தர்கள்), போலீஸ்காரர்கள், தாதிகள் என்று வயது வித்தியாசம் இல்லாமல் படித்தோம். பாடம் அச்சடித்த தொகுதியாகத் தபாலில் வரும். பள்ளி விடுமுறையில் வளாகத்தில் தங்கிப் படிக்கும் வகுப்பு உண்டு, அப்போதுதான் விரிவுரையாளரின் முகத்தையே பார்ப்போம். அந்தத் தொகுதிகளை அடுக்கி, பெயர் ஒட்டி, கட்டிப் போட்ட ஊழியர்கள் இல்லாவிட்டால் என் பட்டம் இல்லை. அவர்களில் ஒருவரையும் எனக்குப் பெயர் சொல்லத் தெரியாது.

பல்கலைக்கழகத்தின் தொடக்கமே அரைகுறை இடத்தில்தான். பினாங்குச் சட்டமன்றம் 1962இல் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1967இல் துங்கு அப்துல் ரஹ்மான் சுங்கை ஆராவில் அடிக்கல் நாட்டினார், ஆனால் வகுப்பு தொடங்கியது அங்கே அல்ல. 1969இல் புக்கிட் கெளுகோரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இரவல் இடம் வாங்கி 57 அறிவியல் மாணவர்களோடு ஆரம்பித்தார்கள். பிரிட்டிஷ் ராணுவம் மிண்டன் முகாமைக் காலி செய்ததும் 1971இல் அங்கே குடியேறினார்கள். இன்றைக்கும் பழைய பாராக் கட்டடங்களில் சில அப்படியே நிற்கின்றன, மழை பெய்தால் அந்தத் தாழ்வாரங்களில் ஒதுங்கலாம்.

முதல் துணைவேந்தர் ஹம்சா செண்டுட் புவியியல்காரர், நகரங்களைப் பற்றி ஆராய்ந்தவர். இப்போது தங்கச்சி போய் உட்காரப் போகும் நூலகத்துக்கு அவர் பெயர்தான். மற்ற பல்கலைக்கழகங்களில் இருப்பது மாதிரி ஃபேக்கல்டி என்று வைக்காமல் 'பள்ளி' என்று பிரித்தார்கள். சமூக அறிவியலுக்கு ஆரம்பத்தில் ஒப்பியல் சமூக அறிவியல் பள்ளி என்றே பெயர். ஒரு துறைக்குள் அடைந்து கிடக்காமல் பொருளாதாரம், அரசியல், மானிடவியல் எல்லாவற்றையும் சேர்த்து ஆசியாவைப் பார்க்க வேண்டும் என்பது எண்ணம். எந்த அளவுக்கு நடந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு, ஆனாலும் அந்த எண்ணத்துக்கு ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். பொருளாதாரத்தில் கமால் சாலே இருந்தார், பின்னால் மலேசியப் பொருளாதார ஆய்வுக் கழகத்துக்குத் தலைமை தாங்கப் போனவர். அரசியலில் சந்திரா முசாஃபர் வகுப்பு எடுத்தார், எடுத்துக்கொண்டிருந்தபோதே 1977இல் பினாங்கில் அலிரான் என்ற சமூகச் சீர்திருத்த இயக்கத்தைத் தொடங்கினார். அரசாங்கம் தன்னை விமர்சித்தவர்களைப் பிடித்து அடைத்த 1987 கைது நடவடிக்கையில் உள்ளே போய் வந்தவர். பிற்பாடு வந்த ஃபிரான்சிஸ் லோ, ஜோஹான் சரவணமுத்து போன்றவர்களும் வகுப்பறையோடு நின்றுவிட்டவர்கள் அல்லர். வசீர் ஜஹான் கரீம் பினாங்குப் பெண், கேரித் தீவு மஹ் மெரி பழங்குடியினரைப் பற்றி ஆராய்ந்தவர். பெண்களின் வாழ்க்கையை ஆராய்வதற்கான கனிட்டா மையம் எழுபதுகளின் கடைசியில் அவர் முயற்சியில் அங்கே உருவானது.

பெயர்களை அடுக்கியது பெருமைக்காக அல்ல. ஒரு மாணவி 'அடுக்குமாடியில் இருக்கும் என் பாட்டியைப் பற்றி எழுதப் போகிறேன்' என்று சொன்னால், அந்த வளாகத்தில் யாரும் சிரிக்க மாட்டார்கள். ஊருக்குள் போய் ஆளைப் பார்த்து எழுதுவது அங்கே பழக்கமாகிவிட்ட காரியம், அந்தப் பழக்கம் மேலே சொன்னவர்களிடமிருந்து வந்தது. நூலகத்தில் மலேசியானா என்று இந்த நாடு பற்றிய நூல்களுக்குத் தனித் தொகுப்பு இருக்கிறது, முதல் செமஸ்டரிலேயே ஒரு முறை உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.


கவுண்டர்_கிராணி

எல்லாரும் விரிவுரையாளரைப் பற்றியே பேசுகிறீர்கள், எங்களை யாரும் சேர்க்கவில்லையா! கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக அலுவலகத்தில் பல வருஷமாகக் கிராணி நான், எது என்று சொல்ல மாட்டேன்.

மதிப்பெண் எப்படி வெளிவருகிறது என்று மாணவர்களுக்குத் தெரியாது. விரிவுரையாளர் மதிப்பெண்ணை ஏற்றுவார், துறையில் ஒரு கூட்டம், புலத்தில் ஒரு கூட்டம், கடைசியில் செனட் ஒப்புதல். நடுவில் யாரோ ஒருவர் தொடர் மதிப்பீட்டை ஏற்ற மறந்திருப்பார், அதைக் கண்டுபிடித்து ஃபோன் அடிப்பது நாங்கள். ஆய்வேட்டுக்கு மேற்பார்வையாளர் மட்டும் மதிப்பெண் போடுவதில்லை, பெரும்பாலும் இரண்டாவதாக ஒரு தேர்வாளரும் படிப்பார், அவர் யார் என்று மாணவிக்குக் கடைசிவரை தெரியாமலும் போகலாம். அதற்கு மேல் வெளிப் பல்கலைக்கழகத்திலிருந்து மதிப்பீட்டாளர் ஒருவர் சில வருஷத்துக்கு ஒரு முறை வந்து பாடத்திட்டம், வினாத்தாள், ஆய்வேடு எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு அறிக்கை எழுதிவிட்டுப் போவார். படிப்புகளின் தரம் பார்க்கும் எம்.கியூ.ஏ. நிறுவனத்தின் தணிக்கை வந்தால் நாங்கள் வீட்டுக்குப் போகும் நேரமே மாறிவிடும், கோப்புகளை அடுக்கி அடுக்கி இடுப்பு ஒடிந்துவிடும்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். தங்கச்சியிடம் சொல்லுங்கள்: மின்னஞ்சல் எழுதினால் பெயர், மெட்ரிக் எண் (மாணவர் பதிவு எண்), பாடக் குறியீடு மூன்றும் முதல் வரியிலேயே இருக்க வேண்டும். 'புவான், எனக்கு ஒரு பிரச்சினை, உதவ முடியுமா' என்று மட்டும் எழுதி அனுப்புகிற பிள்ளைகள் எத்தனை பேர் தெரியுமா, என்ன பிரச்சினை, யார், எந்த வருஷம், ஒன்றும் இருக்காது. பாடம் சேர்க்க நீக்கக் கடைசி நாள் என்று ஒன்று போடுவோம், அது உண்மையாகவே கடைசி நாள், மறுநாள் அழுதுகொண்டு வந்து நின்றால் எங்களுக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் கணினி பூட்டிக்கொண்டிருக்கும். பேசக் கூச்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். கவுண்டருக்கு மதிய உணவு நேரத்துக்கு முன்பும் வெள்ளிக்கிழமையும் வராமல், செவ்வாய் புதன் காலையில் வந்தால் கூட்டம் இருக்காது, பொறுமையாகக் கேட்போம். தப்பான மலாய்க்கு யாரும் அபராதம் போடுவதில்லை.

ஆய்வேடு சமர்ப்பிக்கும் வாரத்தில் நடப்பதைச் சொன்னால் சிரிப்பீர்கள். அட்டை நிறம், எழுத்தளவு, ஓர இடைவெளி எல்லாம் வழிகாட்டி ஏட்டில் தெளிவாக இருக்கும், ஆனாலும் பைண்டிங் கடைக்காரர் சொன்னார் என்று வேறு நிறத்தில் போட்டுக்கொண்டு வருவார்கள். கடைக்காரர் மதிப்பெண் போட மாட்டார், அவ்வளவுதான் சொல்வேன்.


கேஎல்_பகுதிநேரம்

ஐயா எழுதியதை ரசித்துப் படித்தேன், அக்கா எழுதியதும் சரிதான், ஆனால் இரண்டிலும் கொஞ்சம் பொற்காலக் கண்ணாடி இருக்கிறது. நான் கோலாலம்பூரில் பகுதிநேரமாக வகுப்பு எடுப்பவன், இன்றைய நிலைமையைச் சொல்லிவிடுகிறேன்.

வகுப்பில் முதலாண்டு மாணவரோடு நேரடியாகப் பேசுகிறவர் பல இடங்களில் பேராசிரியர் அல்லர், டியூட்டோரியல் எடுக்கும் முதுகலை மாணவர், அல்லது என்னைப் போல செமஸ்டருக்குச் செமஸ்டர் ஒப்பந்தத்தில் ஓடுகிறவர். மணிக்கணக்கில் சம்பளம், உட்கார அறை கிடையாது, மாணவர்களை மாமாக் கடை என்கிற தேநீர்க் கடையில் வைத்து ஆலோசனை சொல்லியிருக்கிறேன், தே தாரிக் என் செலவு. ஓர் இடத்தில் எடுத்து முடித்த பாடத்துக்கான பணம் அடுத்த செமஸ்டர் பாதியில்தான் வந்தது. பெயர் எதற்கு, விடுங்கள். இணையப் பக்கத்தில் எங்கள் படம் இருக்காது, ஆனால் தங்கச்சி எழுதும் முதல் கட்டுரையைத் திருத்தப் போவது எங்களில் ஒருவராக இருக்கலாம்.

நிரந்தர வேலையில் இருப்பவருக்கும் நேரம் இல்லை. ஆய்வுக் கட்டுரை, ஆய்வு நிதி, கூட்டம், முனைவர் பட்ட மாணவர்கள், அதற்கு நடுவில் இளங்கலை ஆய்வேடுகள். எம்.கியூ.ஏ. கணக்கில் ஒரு கிரெடிட் என்றால் மாணவருடைய உழைப்பு 40 மணி நேரம். ஆய்வேட்டுக்கு 8 கிரெடிட் என்றால் 320 மணி நேரம் அவள் உழைக்க வேண்டும் என்று அர்த்தம். மேற்பார்வையாளருக்கு எத்தனை மணி நேரம் என்று மாணவர் பக்கக் கணக்கில் ஒரு வரியும் இருக்காது. ஒரு மணி நேரப் பேட்டியை எழுத்தில் இறக்க நான்கு ஐந்து மணி நேரம் ஆகும், பேட்டி தமிழில், ஆய்வேடு மலாயில் என்றால் இன்னும் கூடும். அதனால் 'நல்ல மேற்பார்வையாளர் கிடைத்தால் போதும்' என்பதை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். நேரம் உள்ள மேற்பார்வையாளர் வேண்டும். பெரிய பெயர் உள்ளவரைவிட, போன வருஷம் யாருடைய மாணவர்கள் நேரத்துக்கு முடித்தார்கள் என்று மூத்த மாணவர்களிடம் விசாரிப்பது புத்திசாலித்தனம்.

தமிழ் விரிவுரையாளர் கேள்விக்கு வருகிறேன். நம் தோட்டத்துக் கதையை முதலில் எழுதியவர்கள் யார் என்று பாருங்கள். ஐம்பதுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்களே, அந்தத் தோட்டத் துண்டாடலை 1951 முதல் 1960 வரை கணக்கெடுத்து ஆராய்ந்தது மலாயாப் பல்கலைக்கழகப் பொருளாதாரத் துறை, தலைமை உங்கு அஜீஸ், மலாய்க்காரர். இந்தியர்கள் மலாயாவுக்கு வந்த வரலாற்றைப் பழைய குடியேற்றப் பதிவுகளையெல்லாம் அலசி எழுதிய கெர்னியால் சிங் சாந்து பஞ்சாபி. மலேசிய, சிங்கப்பூர் இந்தியர்களைப் பற்றி 1970இல் நூல் எழுதிய அரசரத்தினம் தமிழர்தான், ஆனால் யாழ்ப்பாணத்துக்காரர், தோட்டத்தில் பிறந்தவர் அல்லர். எனவே மேற்பார்வையாளர் எந்த இனம் என்பதைவிட அவர் என்ன ஆராய்கிறார் என்பதைப் பாருங்கள். தொழிலாளர், நகர வீடமைப்பு, இடப்பெயர்வு, இவற்றில் ஏதாவது ஒன்றில் வேலை செய்தவர் போதும்.

தமிழ் நூல்களும் பழைய தமிழ்ப் பத்திரிகைகளும் தேவைப்படும்போது கோலாலம்பூருக்கு ஒரு நடை வரட்டும். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை 1956இல் சிங்கப்பூரில் தொடங்கி இங்கே வந்தது, அறுபதுகளில் தனிநாயகம் அடிகள் தலைமையில் இருந்தது, 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு இந்த ஊரில் நடந்ததும் அவரால்தான். ஆனால் அந்தத் துறைக்குள் தமிழ் வந்ததற்குப் பின்னால் பேராசிரியர்கள் மட்டும் இல்லை. சமஸ்கிருதத்தை முன்னால் வைக்கும் பேச்சு எழுந்தபோது தமிழ் முரசு பத்திரிகை ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார், பல்கலைக்கழக வாசலையே மிதித்திராத தொழிலாளிகள் அதற்குக் காசு கொடுத்தார்கள். ஒரு படிப்புக்குப் பின்னால் யார் என்று கேட்டால் நான் அவர்களைத்தான் முதலில் எழுதுவேன்.


சுங்கைடுவா_பழசு

பகுதிநேரம் சார், நேரம் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தமிழ் தெரிந்தவர் ஒருவராவது பக்கத்தில் இருப்பது நல்லதுதான், மேற்பார்வைக்கு அல்ல, தளர்ந்து போகிற நாளில் பேசுவதற்கு. முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு வளாகத்திலும் இந்திய மாணவர் அமைப்பு இருக்கும், மூத்தவர்களை அங்கே பிடிக்கலாம். பொங்கல் வைக்க மட்டும் போகாமல் பழைய ஆய்வேடுகளைக் கேட்டு வாங்கிப் படிக்கவும் போகட்டும்.


பிறை_அண்ணன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள். தண்டல் வீட்டு விஷயத்தைப் படித்ததும் 'பாட்டிக்குத் தண்டலைக் கண்டாலே ஆகாது, நான் எப்படிப் போவேன்' என்கிறாள். இன்னும் இரண்டு கேள்வி. ஒதுக்கப்பட்ட மேற்பார்வையாளர் சரிப்படவில்லை என்றால் மாற்ற முடியுமா? அப்புறம் அம்மாவுக்கு ஒரு பயம், அரசியல் பகுதி எடுத்தால் பல்கலைக்கழகத்தில் ஏதாவது பிரச்சினை வருமா என்று கேட்கிறார். 1987 பற்றி ஐயா எழுதியதை நான் வாசித்துக் காட்டியதால் வந்த வினை.


கவுண்டர்_கிராணி

மாற்ற முடியும், ஆனால் எப்போது என்பதில்தான் இருக்கிறது. தலைப்புப் பதிவு செய்த உடனே, வேலை எதுவும் தொடங்குவதற்கு முன் என்றால் ஒரு படிவம், இரண்டு கையெழுத்து, முடிந்தது. அரை வருஷம் போன பிறகு என்றால் பழையவர், புதியவர், ஒருங்கிணைப்பாளர் எல்லாரும் சம்மதிக்க வேண்டும், அதில் யாராவது ஒருவர் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வார். முதலில் ஒருங்கிணைப்பாளரிடம் நேரில் போய் 'என் தலைப்புக்கு இவருடைய துறை பொருந்தவில்லை' என்று சொல்லட்டும். ஆளைப் பற்றிக் குறை சொல்ல வேண்டாம், தலைப்பைப் பற்றி மட்டும் பேசினால் போதும். படிவம் பிறகு. நான் பார்த்தவரை சண்டை போட்டு மாற்றியவர்களைவிடச் சிரித்துக்கொண்டே மாற்றியவர்கள்தான் அதிகம்.


மிண்டன்_அஞ்சல்வழி

அம்மாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள் தம்பி. அரசியலைப் பாடமாகப் படிப்பதும் கட்சியில் சேருவதும் ஒன்றல்ல, பாடத்துக்கு எந்தக் காலத்திலும் தடை இருந்ததில்லை. தடை இருந்தது மாணவர்களின் கட்சி வேலைக்குத்தான். பல்கலைக்கழகச் சட்டம் 1971இல் வந்தது, மாணவர் போராட்டங்களுக்குப் பிறகு 1975இல் அதை இறுக்கினார்கள், எங்கள் காலத்தில் கட்சிக்காரர் மேடை பக்கம் நின்றாலே யோசிப்போம். 2012இல் தளர்த்தி மாணவர்கள் கட்சியில் சேரலாம் என்றார்கள், வளாகத்துக்குள் இருந்த தடையையும் எடுக்கும் திருத்தத்தை 2018 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. இப்போது இருக்கும் பிள்ளைகள் பேசுகிற பேச்சைக் கேட்டால் எனக்கே பொறாமையாக இருக்கிறது.


கேஎல்_பகுதிநேரம்

ஒரு சின்ன விஷயம் விட்டுப்போயிற்று. சொந்தப் பாட்டியைப் பேட்டி எடுத்தாலும் சம்மதம் கேட்டு எழுதி வாங்க வேண்டியிருக்கும், ஒலிப்பதிவு செய்யப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், ஆய்வேட்டில் உண்மைப் பெயரைப் போடக் கூடாது. ஆய்வு நெறிக்குழு என்று ஒன்று பல்கலைக்கழகங்களில் இருக்கிறது, இளங்கலை ஆய்வேட்டுக்கு அதன் அனுமதி தேவையா இல்லையா என்பதை மேற்பார்வையாளரிடம் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடட்டும். தேவை என்றால் அந்தப் படிவத்துக்கே சில வாரம் போய்விடும், அதற்குள் பேட்டியைத் தொடங்கவும் முடியாது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளிடம் கையெழுத்துக்குப் பதில் வாய்மொழிச் சம்மதத்தைப் பதிவு செய்யலாமா என்பதையும் சேர்த்துக் கேட்கட்டும், இந்தத் தலைப்புக்கு அது கண்டிப்பாக வரும்.


சுங்கைடுவா_பழசு

தங்கச்சி, நீ படித்துக்கொண்டிருக்கிறாய் என்பதால் நேராகவே சொல்கிறேன். தண்டல் வீட்டுக்குப் பாட்டியைக் கூட்டிக்கொண்டு போகாதே, தனியாகப் போ. போகும்போது 'தோட்டத்தில் எந்த வருஷம் வந்து சேர்ந்தீர்கள்' என்ற சாதாரணக் கேள்வியில் தொடங்கு, துண்டாடலைப் பற்றி அவர்களே பேசுவார்கள். நிபோங் திபாலில் என் பெரியம்மா இருக்கிறார், பாதி ஆயுளைப் பால்மரத்தடியிலேயே கழித்தவர், நன்றாகப் பேசுவார். இரண்டாம் ஆண்டு வந்ததும் அண்ணனிடம் சொல்லித் தனிச்செய்தி அனுப்பு, எண் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் போகாதே, கோயிலில் இருப்பார்.